காகுவின் அடுக்களைச் சுவர்

புனேயில் நாங்கள் இரண்டாவதாகக் குடிபோன வீடு சிங்ககட் ரோட்டில், கடக்வாஸ்லா பஸ் போகிற வழியில் இருந்தது. கீழே வீட்டுக்காரி, மேலே நாங்கள். தொண்ணூறுகளின் பின்பாதி அது. என் கணவருக்கு வங்கி வேலை. நான் நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டுக்காரி தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், கணவர் இல்லை. ஒரே மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். தெருவே அவளைக் காகு என்றுதான் கூப்பிடும். நம் பக்கத்துச் சித்தி மாதிரி ஒரு முறை அது. நானும் அப்படியே கூப்பிட்டேன். வாயில் சித்தி, மனசில் வேறு என்னென்னவோ.

எங்களுக்குள் சண்டை எல்லாம் ஒரு சுவரை வைத்துத்தான். மேல்வீட்டு அடுக்களையில் கடப்பைக் கல் மேடை. அதற்கு மேலே ஒரே ஒரு வரிசை வெள்ளை டைல்ஸ், ஒரு சாண் உயரத்துக்கு. அதற்கு மேல் மஞ்சள் டிஸ்டெம்பர் அடித்த வெறும் சுவர். அடுப்பு அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தாக வேண்டும், வேறு இடம் கிடையாது. கடுகு வெடித்தால் நேரே சுவரில்தான் போய் ஒட்டும். மராத்திக்காரர்களும் கடுகு போட்டுத் தாளிப்பார்கள், ஃபோட்னி என்று சொல்வார்கள். ஆனால் காகுவின் ஃபோட்னி சட்டியை விட்டு வெளியே வராதாம். என்னுடையதுதான் சுவர் ஏறுமாம்.

மாதம் ஒரு தடவையாவது ஏதாவது ஒரு சாக்கில் மேலே வருவாள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கணும் என்பாள். தொட்டிக்குப் போகிற படி வெளியே இருக்கிறது, அடுக்களைக்குள் இல்லை. இருந்தாலும் உள்ளே வந்து, ஆள்காட்டி விரலால் சுவரில் ஒரு கோடு இழுத்து, விரலை என் முகத்துக்கு நேரே காட்டுவாள். நாங்கள் பேசிக்கொள்வது இந்தியில். அவளுடையது மராத்தி கலந்த இந்தி, என்னுடையது பரீட்சைக்குப் படித்த இந்தி.

"இது என்ன?"

"எண்ணெய்."

"என்ன எண்ணெய்?"

"சமையல் எண்ணெய்தான் காகு."

"அது எனக்கும் தெரியுது. சமையல் சட்டிக்குள்ள நடக்கணும். சுவத்துல ஏன் நடக்குது?"

நான் பழைய காலண்டர் தாள்களை ஒட்டிப் பார்த்தேன். வீடு பார்க்க ரயில்வே கொட்டகை மாதிரி இருக்கிறது என்றாள். அலுமினியத் தகடு ஒன்று வாங்கிச் சாய்த்து வைத்தேன். சுவரில் கீறல் விழும் என்றாள். கழுவித் துடைத்தேன். டிஸ்டெம்பர் கரைந்து, அடுப்புக்கு நேரே ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "முதல்ல அழுக்காக்குனே, இப்ப சுரண்டியே எடுத்துட்டியா" என்றாள். அவள் கீழே இறங்கிப் போன பிறகு அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சாம்பாருக்குக் கடுகு இரண்டு மடங்கு போட்டேன்.

என் கணவர் எதிலும் தலையிட மாட்டார். "வாடகை வீடு. ரெண்டு வார்த்த கேட்டாத்தான் என்ன, குறைஞ்சா போயிருவே?" என்பார்.

"நீங்க வந்து நின்னு கேளுங்க. அப்ப தெரியும்."

"எனக்கு பேங்க்ல கேக்கதுக்கே நேரம் சரியா இருக்கு."

ஒரு மழைக்காலம் முடிந்த நேரத்தில் காகு மேலே வந்தாள். சுவரைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அத்தனை நாளில் அவள் எங்கள் வீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இந்தக் கிச்சனை முழுசா மாத்தப்போறேன்" என்றாள். "கிரானைட் மேடை. கீழே பாத்திரம் வைக்க ட்ராலி." புனேயில் இழுக்கிற கம்பிக்கூடை வைத்த அலமாரிக்கு அதுதான் பேர். "சுவருக்கு ஜன்னல் உயரம் வரைக்கும் டைல்ஸ். ஞாயித்துக்கிழமை கடைக்குப் போறேன். நீயும் வா."

"நான் எதுக்கு?"

"நீதானே சமைக்கிறே. உங்க ஆளுங்க சமையலுக்கு எது தாங்கும்னு நீதான் சொல்லணும். என்னைக் கேட்டா நான் எனக்குப் பிடிச்சதைப் போடுவேன். அப்புறம் அதையும் நீ பாழாக்குவே."

மரியாதையான அழைப்பு இல்லை. இருந்தாலும் அழைப்புதான். அன்று இரவு கணவரிடம் சொன்னேன். "அவ ஏன் திடீர்னு இப்படி நல்லவளா ஆனா?"

"நல்லது செஞ்சாலும் சந்தேகப்படுதே. செய்யட்டுமே. நமக்குத்தான லாபம்?"

டிம்பர் மார்க்கெட் பக்கம் டைல்ஸ் கடைகள் வரிசையாக இருந்தன. ஆட்டோவில் போனோம். வழி முழுக்க அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள், நான் இந்தப் பக்கம். கடைக்காரர் எங்களைத் தாயும் மகளும் என்று நினைத்தார். இரண்டு பேருமே அவசரமாக இல்லை என்றோம்.

காகுவுக்கு முதலில் பிடித்தது பழக்கூடை. வெள்ளை டைல்ஸில் நடுநடுவே ஒரு கூடை, அதில் திராட்சை, ஆப்பிள், உரித்த ஆரஞ்சு. அந்தக் காலத்தில் புதுச் சமையலறை என்றால் எல்லார் வீட்டிலும் அது இருந்தது.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

"பழக்கூடையைப் பாத்துக்கிட்டே தினமும் என்னால ரசம் வைக்க முடியாது. அதுவும் இல்லாம, படம் போட்ட இடத்துல மேலாக எழும்பியிருக்கு, தொட்டுப் பாருங்க. அழுக்கு அந்த விளிம்புலதான் போய் உக்காரும்."

தொட்டுப் பார்த்தாள். அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள். அடுத்து, சொரசொரப்பான கல் மாதிரி ஒன்றை எடுத்தாள். எண்ணெய் உள்ளே இறங்கிவிடும், வழவழப்பாக இருந்தால்தான் துணியால் ஒரு இழுப்பில் வரும் என்றேன். சின்னச் சின்னக் கட்டமாக ஒன்று. இடுக்கு அதிகம், இடுக்கைத் தேய்த்தே கை ஓய்ந்துவிடும் என்றேன். சுத்த வெள்ளை. ஒரு மாதத்தில் மஞ்சள் ஏறும் என்றேன்.

"உங்க ஆளுங்க என்ன, சுவத்துக்கா சாப்பாடு போடுறீங்க?" என்று கடைக்காரர் முன்னாலேயே கேட்டாள்.

"உங்க வீட்டு வரன்பாத்தை மட்டும் சமைச்சா சுவர் சுத்தமாத்தான் இருக்கும் காகு." வரன்பாத் என்றால் பருப்பும் சோறும். கடைக்காரர் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார். காகுவின் மூக்கு சிவந்துவிட்டது. ஆனால் எழுந்து போகவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒவ்வொன்றுக்கும் குத்தலாக ஒரு வார்த்தை சொல்லுவாள், பிறகு நான் சொன்னதையே கடைக்காரரிடம் சொல்லுவாள்.

கடைசியில் கோதுமை நிறத்தில் வழவழப்பாக, படம் எதுவும் இல்லாத ஒன்றை நான் எடுத்தேன். இடுக்குக்கு வெள்ளை சிமெண்ட் வேண்டாம், நிறம் கலந்து பூசச் சொல்லுங்கள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே போனேன். கிரைண்டருக்குத் தனி இடம், அதற்கு மேலே பிளக், இட்லிக் கொப்பரையின் ஆவி படாத தூரத்தில். அடுப்புக்கு வலது பக்கம் அஞ்சறைப் பெட்டி வைக்க அகலம். தேங்காய் துருவ உட்கார ஒரு மூலை. எல்லாவற்றையும் மனசில் வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடம் நடத்தியவள், எதையும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

வேலை நடந்த நாட்களில் பால்கனியில் ஸ்டவ்வை வைத்துச் சமைத்தேன். புழுதி சோற்றில் விழுந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நேரே போய்ச் சுவரைப் பார்ப்பேன். ஒரு வரிசை சரிவாகப் போயிருந்ததைக் கண்டுபிடித்து, பிரித்துப் போடச் சொன்னேன். காகு கீழேயிருந்து சத்தம் கேட்டு வந்து, "வீடு யாரோடது?" என்று கேட்டாள். "சுவர் கோணலா இருந்தா உங்களுக்குத்தானே கேவலம்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்துப் போட வைத்தாள்.

முடிந்த அன்று அந்த அடுக்களை உண்மையிலேயே நன்றாக இருந்தது. முதல் நாள் கடுகு தாளித்துவிட்டு, ஈரத்துணியால் சுவரை ஒரு இழுப்பு இழுத்தேன். போய்விட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். என் அம்மாவுக்கு போனில் சொன்னேன். கணவரிடம், இன்னும் நான்கைந்து வருஷம் இங்கேயே இருக்கலாம் என்றுகூடச் சொன்னேன்.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாளில் காகு ஒரு தட்டில் பேடா எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள்.

"மகனுக்குக் கல்யாணம்" என்றாள். "பொண்ணு அவன் கம்பெனியிலேயே வேலை. உங்க ஊர்ப் பக்கம்தான், கோயம்புத்தூர். எனக்கு இஷ்டமில்லை. அவன் கேக்கலை. ரெண்டு பேரும் புனேக்கே மாத்திட்டு வராங்க. மேல்வீடு அவங்களுக்கு வேணும். உங்க அக்ரிமென்ட் முடியிறதுக்குள்ள வேற வீடு பாத்துக்கோங்க."

பேடா என் கையில் இருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"அப்ப இதெல்லாம் அவளுக்கா?"

"பின்னே? அந்த மாதிரிப் பொண்ணுக்குச் சமையல்கட்டுல என்ன வேணும்னு எனக்கு என்ன தெரியும்? நாளைக்கு வந்து, மாமியார் ஒண்ணும் செஞ்சு வைக்கலைன்னு சொல்லக்கூடாது. வேற யாரைக் கேப்பேன் நான்?"

"உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே காகு."

அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. "உண்மையைச் சொல்லியிருந்தா நீ நல்லதாச் சொல்லியிருப்பியா?"

சொல்லியிருக்க மாட்டேன் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பழக்கூடையை எடுத்துக் கொடுத்து, பிரமாதம் என்று சொல்லியிருப்பேன். எனக்குக் கோபம் வந்தது வீடு போகிறதே என்பதற்காகக்கூட இல்லை. என்னை அவ்வளவு சரியாக எடை போட்டிருந்தாளே, அதற்காக. பேடாவைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதன் பிறகு காலி பண்ணுகிற வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எதிரே வந்தால் நான் படியில் நிற்பேன், அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். கணவர் மட்டும் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டு போய் வந்தார். அதற்காக அவரோடும் தனியாகச் சண்டை போட்டேன்.

"அந்தம்மா நம்மள என்ன செஞ்சிட்டு? வீட்டக் கேக்கா, குடுக்கோம்."

"என்னைய வேலைக்காரியா நினைச்சிட்டா. அது உங்களுக்குப் புரியல."

"வேலைக்காரியா நினைச்சா கூலியாது குடுத்திருப்பாளே" என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் இரண்டு நாள் அவரோடும் பேச்சை நிறுத்தினேன்.

சாமானை வண்டியில் ஏற்றுகிற அன்று அடுக்களையை ஒரு புள்ளி இல்லாமல் துடைத்துவிட்டேன். அவள் மேல் உள்ள மரியாதையில் இல்லை. அவள் விரலுக்கு எதுவும் அகப்படக்கூடாது என்பதற்காக. சாவியை வாங்க வந்தவள் சுவரில் விரலால் இழுத்தாள். பார்த்தாள். வேறு பக்கம் திரும்பி, "சுவிட்சுல கறை இருக்கு" என்றாள்.

பிறகு புனேயிலேயே பாணேரில் எங்களுக்கென்று ஒரு ஃபிளாட் வாங்கினோம். டைல்ஸ் நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று பில்டர் சொன்னார். கடை வாசல் வரை போய்விட்டு என்னால் உள்ளே போக முடியவில்லை. வழவழப்பு, இடுக்கு, நிறம் என்று மறுபடியும் ஆரம்பிக்க உடம்பெல்லாம் எரிந்தது. நீங்களே பாருங்கள் என்று கணவரை அனுப்பினேன். அவர் கால்மணி நேரத்தில் ஏதோ ஒரு சாம்பல் நிறத்தைச் சொல்லிவிட்டு வந்தார். சுமாராக இருக்கிறது. இன்றுவரை குறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

குடிமாறிச் சில வருஷம் கழித்து, காகுவை ராஸ்தா பேட்டில் பார்த்தேன். அங்கே நம் ஊர்ச் சாமான் விற்கிற கடை ஒன்று உண்டு. நல்லெண்ணெயும் காப்பிப்பொடியும் வாங்கப் போயிருந்தேன். கையில் கம்போடு காகு நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் குள்ளமாக, ஜீன்ஸ் போட்ட ஒரு பெண். பார்த்ததுமே யாரென்று தெரிந்துவிட்டது.

நான் நழுவப் பார்த்தேன். காகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். வயது அவளுக்கு ஞாபகத்தைக் குறைத்திருந்ததோ, வெறுப்பைக் குறைத்திருந்ததோ, முகமெல்லாம் சிரிப்பு. மருமகளைப் பார்த்து, "இவதான், இவதான் நான் சொன்னவ" என்றாள். அப்புறம் என்னிடம், "இவளுக்குத் தமிழ் பேச ஆளே கிடையாது. பேசு. ரெண்டு பேரும் பேசுங்க" என்று ஒரு அடி பின்னால் தள்ளி நின்று எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள்.

அந்தப் பெண் அழகாகச் சிரித்தாள். சிரித்த முகம் மாறாமலே தமிழில் பேசினாள்.

"நீங்கதானுங்களா அந்தக் கடுகு டீச்சர்? உங்களைப் பாக்கோணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டிருந்தேனுங்க."

"என்னையா? எதுக்கு?"

"கல்யாணமாகி வந்த அன்னைக்கே கிச்சனைக் காமிச்சு, உங்க ஆளு ஒருத்தி பாத்துப் பாத்துப் போட்டது, உனக்குப் பிடிக்காம இருக்காதுன்னாங்க. நான் ஹாஸ்டல்லயே வளந்தவ. டீ போட மட்டுந்தான் தெரியும். தினமும் மேல வந்து, அவளா இருந்தா இந்நேரம் இட்லி ஊத்தியிருப்பா, அவளா இருந்தா இந்நேரம் துடைச்சிருப்பாம்பாங்க. நீங்க காலி பண்ணி இத்தனை வருசமாச்சு, இன்னும் எங்க வீட்டை விட்டுப் போகலீங்க."

என் முகத்திலும் சிரிப்பை வரவழைத்துக்கொண்டேன். காகு பார்த்துக்கொண்டிருந்தாளே. "நான் என்ன பண்ணட்டும்? எனக்குன்னு சொல்லி ஏமாத்தித்தான் கேட்டாங்க."

"ஏமாத்தினாங்களோ என்னமோ. சொன்னது நீங்கதானுங்களே. அந்த மேடை உங்க உயரத்துக்கு இருக்குது. எனக்கு நெஞ்சு வரைக்கும் வருது. மணையைப் போட்டு மேல ஏறி நின்னுதான் பாலே காய்ச்சறேன்."

மேடை வைக்கிற அன்று காகு என்னைச் சுவரோரம் நிற்க வைத்து, இடுப்புக்கு நேரே பென்சிலால் கோடு போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணிடம் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவள் பேசிய தோரணையில் எனக்கு மனசு வரவில்லை.

"சமைக்கத் தெரியலைன்னா அதுக்கு மேடை என்ன செய்யும்?" என்றேன்.

"சரியாப் போச்சுங்க" என்றாள், இன்னும் அகலமாகச் சிரித்து. "அடுத்த மாசம் இவங்க நாசிக்ல தங்கச்சி வீட்டுக்குப் போறாங்க. திரும்பி வரும்போது அந்தச் சுவரும் இருக்காது, மேடையும் இருக்காது. ஆளுக்கும் சொல்லியாச்சு. டைல்ஸும் பாத்து வெச்சுட்டேன். பெருசு பெருசாப் பூப் போட்டது."

என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. "வழவழப்பா, சொரசொரப்பா?"

"அதை மட்டும் நீங்க கேக்காதீங்க."

காகு கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "என்ன சொல்றா? இவ்வளவு சிரிப்பு?"

கடையில் அந்த ஒரு நிமிஷம் எல்லாம் என் கையில் இருந்தது. மருமகள் என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. சொல்லிவிடலாம். இந்தியில் ஒரே ஒரு வரி.

"டைல்ஸைப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம்" என்றேன்.

"வேற எதைப் பேசுவீங்க" என்றாள் காகு. "வீட்டுலயே நல்ல சுவர் அதுதான்."

அந்தப் பெண்ணைக் காப்பாற்ற நான் அதை மறைக்கவில்லை. நாசிக்கிலிருந்து வந்து, மூச்சு வாங்க மேலே ஏறி, கதவைத் திறந்து காகு அதைத் தன் கண்ணால் பார்க்கட்டும் என்றுதான் மறைத்தேன். எண்ணெயை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். காப்பிப்பொடியைக் கடையிலேயே விட்டுவிட்டேன் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வயசானவங்க. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

"நீங்க வேணா போய்ச் சொல்லிட்டு வாங்க. பஸ் இருக்கு."

அவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

காகுவின் தெருவில் என் கணவருடைய வங்கியில் வேலை பார்ப்பவர் ஒருவர் குடியிருந்தார். அவர் மூலமாகத்தான் மீதி தெரிந்தது. காகு ஊருக்குப் போயிருந்தபோது மேல்வீட்டில் இடிக்கிற சத்தம் நாள் கணக்கில் கேட்டதாம். அவள் திரும்பி வந்த அன்று தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து நிற்கிற அளவுக்கு மாமியாரும் மருமகளும் கத்தினார்களாம், ஒருத்தி மராத்தியில், ஒருத்தி இங்கிலீஷில். மகன் நடுவில் நின்று இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டானாம். சில மாதத்தில் அவர்கள் கோத்ருட் பக்கம் தனி ஃபிளாட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேல்வீட்டை ஐ.டி. கம்பெனிப் பையன்கள் நாலு பேருக்கு விட்டிருக்கிறாளாம். அவர்களுக்குச் சாப்பாடு டப்பாவில் வருகிறது, அடுப்பே பற்றவைப்பதில்லை, பூப்போட்ட சுவர் புதுசு மாதிரி இருக்கிறது என்று கணவர் சொன்னார்.

"பாவம்லா அந்தம்மா" என்றும் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு நல்ல பசி. கத்தரிக்காய்க் குழம்பு வைத்து இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன்.